வால்வா, டிரான்சிஸ்டரா, மாடலிங்கா? கிட்டார் ஆம்ப்ளிஃபயர் குறித்த வாசகர் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வெளியான பதில்களைப் படித்துவிட்டு, "கிட்டார் சரி, ஆம்ப்ளிஃபயர் எது வாங்குவது?" என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். விலை கடைக்குக் கடை மாறுவதால் அதை இங்கே எழுதவில்லை. எந்த வகை எப்படி வேலை செய்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தந்திருக்கிறோம். வீட்டில் நல்ல ஹோம் தியேட்டர் இருக்கிறது. அதில் இணைத்து வாசிக்கக் கூடாதா? தனியாக ஆம்ப்ளிஃபயர் எதற்கு? (மதுரை வாசகர்)

இணைத்தால் சத்தம் கேட்கும். ஆனால் பாட்டுகளில் கேட்டுப் பழகிய எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி கேட்காது. கிட்டாரில் உள்ள பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அந்தச் சுருளிலிருந்து மின்னோட்டத்தை அதிகமாக இழுக்கும் கருவியோடு சேர்த்தால், உச்ச அதிர்வெண்கள் முதலில் அடிபட்டு ஒலி மங்கிப்போகும். அதனால்தான் கிட்டார் ஆம்பின் உள்ளீட்டை ஏறத்தாழ 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) கொண்டதாக அமைக்கிறார்கள். ஹோம் தியேட்டரின் உள்ளீடு பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஸ்பீக்கரில் இருக்கிறது. ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் மனிதக் காது கேட்கக்கூடிய எல்லா அதிர்வெண்களையும் உள்ளது உள்ளபடி தர வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டவை. கிட்டார் ஆம்பில் இருப்பதோ பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலக் காகிதக் கூம்பு கொண்ட ஒற்றை ஸ்பீக்கர். அதற்கு ட்வீட்டர், அதாவது உச்ச அதிர்வெண்களுக்கான சிறு ஸ்பீக்கர், கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சட்டென்று குறைந்துவிடும். இது குறைபாடு போலத் தோன்றினாலும் கிட்டாரின் ஒலி உருவாவதே இங்கேதான். கிட்டாரின் சிக்னலைச் சிதைத்து 'டிஸ்டார்ஷன்' உண்டாக்கும்போது உச்ச அதிர்வெண்களில் ஏராளமான இரைச்சலும் சேர்ந்தே பிறக்கிறது. அந்தக் காகிதக் கூம்பு அதை வடிகட்டிவிட்டு, நடு அதிர்வெண் பகுதியின் கனத்தை மட்டும் வெளியே விடுகிறது. அதே சிக்னலை ஹோம் தியேட்டருக்குக் கொடுத்தால் ட்வீட்டர் அந்த இரைச்சல் முழுவதையும் உண்மையாகவே வாசித்துக் காட்டும்; தகரத்தை ஆணியால் கீறுவதுபோல இருக்கும்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்னும் வாத்தியத்தில் ஒரு பாதி மகனின் கையில் இருக்கிறது, மறு பாதி ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. பாதி வாத்தியத்தைக் கொண்டு கற்கும் மாணவன் தன் விரல்களில்தான் குறை என்று நினைத்துச் சோர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, கிட்டாருக்கென்றே செய்த ஒரு ஆம்பை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வால்வு ஆம்ப்தான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் 5 வாட் வால்வு ஆம்பின் விலை 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பின் விலையைவிடக் கூடுதலாக இருக்கிறது. இது உண்மையான தரமா, பழைய பொருள்மீதுள்ள மோகமா? (கோயம்புத்தூர் வாசகர்)

தரமும் உண்டு, மோகமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: தன் எல்லையைத் தாண்டும்போது இந்த ஆம்பில் ஒலி எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது? எல்லைக்குள் வேலை செய்யும் வரை வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் காதில் படும் வேறுபாடு குறைவு. எல்லையைத் தாண்டும் இடத்தில்தான் இரண்டும் வெவ்வேறு குணம் காட்டுகின்றன.

கடைகளில் ட்யூப் ஆம்ப் என்று எழுதியிருப்பதும் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு என்று சொல்வதும் ஒன்றே. கண்ணாடிக் குழலுக்குள் காற்றை அகற்றி, உள்ளே ஒரு மின்முனையைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறி, 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் இருக்கும் எதிர்த் தகட்டை நோக்கி ஓடும். நடுவில் உள்ள கம்பி வலையில் கிட்டாரின் சிக்னலைக் கொடுத்தால், அந்தச் சிறு சிக்னல் இந்தப் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். சிக்னல் வலுக்க வலுக்க, வால்வு ஒரே அடியாக மறுத்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. அலையின் உச்சி மெல்ல வளைந்து தட்டையாகிறது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளுக்குப் பின்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் திணறுகிறது. பல ஆம்புகளில் மின்வழங்கியின் அழுத்தமும் ஓங்கி அடிக்கும் கணத்தில் சற்றுத் தளர்ந்து பின் மீள்கிறது. இவை எல்லாம் சேர்ந்து, கார்டு (பல தந்திகளை ஒருசேர மீட்டும் ஸ்வரக் கூட்டு) ஒலித்த முதல் கணத்தில் அமுங்கி, அடுத்த கணத்தில் பூத்து நீளும் ஓர் உணர்வைத் தருகின்றன. டிரான்சிஸ்டர் சுற்று எல்லையைத் தொடும்வரை துல்லியமாகப் பெருக்கிவிட்டு, தொட்டதும் அலையின் உச்சியைச் செங்குத்தாக வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் உயர்நிலை ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் துணை ஒலிகள்) அதிகம். அவைதான் காதுக்குக் கரடுமுரடாகப் படுகின்றன.

இதைக் கடையில் நீங்களே சோதிக்கலாம். வால்வு ஆம்பின் வால்யூமை, ஓங்கி அடித்தால் மட்டும் ஒலி உடையும் இடம்வரை ஏற்றுங்கள். அதன்பின் ஆம்பைத் தொடாமல், கிட்டாரில் உள்ள வால்யூம் திருகை 10 இலிருந்து 6க்குக் குறைத்து அதே கார்டை மெதுவாக மீட்டுங்கள். உடைந்த ஒலி மறைந்து, ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்கும். ஓங்கி அடித்தால் மறுபடியும் விளிம்பில் சொரசொரப்பு வரும். தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தின் அழுத்தமே டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் திருகாக மாறிவிடுகிறது. வால்வு ஆம்பைப் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் நியாயமான காரணம்.

ஒலி உடைவதைத் தேடிப்போன வரலாறும் கிட்டாருக்கு உண்டு. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தன் சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறிவிட்டு, அந்தக் கிழிசலின் ஒலியையே இசைத்தட்டில் பதிவு செய்தார். பொறியாளர்கள் தவிர்க்கப் பாடுபட்ட சிதைவைக் கிட்டார் கலைஞர்கள் தங்கள் மொழியாக எடுத்துக்கொண்டார்கள்.

இனி மறுபக்கம். வால்வு ஆம்ப் கனமானது, சூடாகும். பவர் வால்வுகள் தேயும். மேடையில் அடிக்கடி வாசிப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், மாற்றும்போது பல ஆம்புகளில் பயஸ் அளவை (வால்வில் ஓடும் அடிப்படை மின்னோட்டத்தின் அமைப்பை) சரிபார்க்கவும் வேண்டும். இன்று கிட்டார் ஆம்புக்கான வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022இல் போரை ஒட்டி ரஷ்ய வரத்து தடைப்பட்டபோது உலகெங்கும் விலை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வு ஆம்ப் தன் முழுக் குணத்தையும் காட்டுவது சத்தமாக வாசிக்கும்போதுதான். வீட்டுக்குள் மெதுவாக மட்டுமே வாசிக்க முடியும் என்றால், நீங்கள் கொடுத்த கூடுதல் விலையில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். வாங்கும் முன், உங்கள் ஊரில் அதைப் பழுது பார்க்கக்கூடியவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தாமே திறந்து பார்ப்பது கூடவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளேயுள்ள கப்பாசிட்டர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

கேள்வி: ஃபெண்டர் ஒலி, மார்ஷல் ஒலி, வாக்ஸ் ஒலி என்று யூடியூபில் பேசுகிறார்கள். எல்லாம் வால்வு ஆம்புகள்தானே, ஏன் ஒலி வேறுபடுகிறது? (சென்னை வாசகர்)

இந்த மூன்று பெயர்களும் மூன்று குடும்பங்களைக் குறிக்கின்றன. பின்னால் வந்த ஆம்புகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றின் வாரிசு என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்வது பயனுள்ளது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1952இல் 'பாஸ்மேன்' என்ற ஆம்பைக் கொண்டுவந்தார். தம் நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டு அறிமுகப்படுத்திய எலெக்ட்ரிக் பாஸ் கிட்டாருக்காக அவர் செய்தது அது. 1950களின் கடைசியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் வந்த அதன் '5எஃப்6-ஏ' வடிவத்தை பாஸ் கலைஞர்களைவிடக் கிட்டார் கலைஞர்கள் அதிகம் விரும்பினார்கள். லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் வந்த இளைஞர்கள் அத்தகைய ஆம்பைக் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது விலை அதிகம். அவரும் கென் பிரான் என்ற தொழில்நுட்பரும் சேர்ந்து 1962-63இல் அந்த பாஸ்மேன் சுற்றையே அடிப்படையாக வைத்து 'ஜேடிஎம்45' ஆம்பை உருவாக்கினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், சுற்றின் வரைபடம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒலி வேறு. ஃபெண்டர் முதல் கட்டத்தில் பயன்படுத்திய 12ஏஒய்7 வால்வுக்குப் பதில் அதிகம் பெருக்கக்கூடிய ஈசிசி83 வால்வு வந்தது. பின்புறம் திறந்த பெட்டியில் இருந்த 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில், பின்புறம் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் வந்தன. டிரான்ஸ்ஃபார்மரும் இங்கிலாந்தில் கிடைத்ததாக ஆனது. இதனால் ஒலி சீக்கிரம் உடைந்தது, நடுப் பகுதி கனத்தது, தாழ் அதிர்வெண் பகுதி முன்னோக்கி உந்தியது. 1960களின் நடுவில் பவர் வால்வாக இஎல்34 வந்து சேர்ந்தபோது, ராக் இசையில் நாம் அறிந்த அந்த உறுமல் முழுமை பெற்றது. ஃபெண்டரோ அதே காலத்தில் வேறு திசையில் போனது. 1963இல் வந்த ட்வின் ரிவெர்ப் 85 வாட் திறன் கொண்டது. எளிதில் உடையாது, நடுப் பகுதி சற்றுக் குழிந்து, உச்சம் மணி போலத் தெளிவாக இருக்கும். ஒலியை மாற்றும் பெடல்களை முன்னால் வைத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் அது அளவுகோல்.

வாக்ஸ் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் பிறந்தது. டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்தில் டிக் டென்னி வடிவமைத்த ஏசி15 ஆம்பின் சத்தம் மேடைக்குப் போதவில்லை என்று ஷேடோஸ் குழுவினர் சொன்னதை ஒட்டி 1950களின் இறுதியில் ஏசி30 வந்தது. இதில் சிறிய இஎல்84 வால்வுகள் நான்கு. பெரும்பாலான ஆம்புகளில் பவர் பகுதியின் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிச் சிதைவைக் குறைப்பார்கள். ஏசி30இல் அந்த எதிர்ப் பின்னூட்டம் இல்லை. ஆகவே அது உடையத் தொடங்கும் இடம் கூர்மையாக இல்லாமல் நீண்டு பரவுகிறது. உச்சத்தில் ஒரு மினுக்கம் எப்போதும் நிற்கிறது. பீட்டில்ஸ் குழுவினரும் பிறகு குயீன் குழுவின் பிரையன் மேயும் இதையே நம்பினார்கள். கார்டுகளை விரித்து வாசிப்பவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் இந்தக் குடும்பம்தான்.

நான்காவதாக ஒரு கிளையும் உண்டு. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் சிறிய ஃபெண்டர் ஆம்புகளை மாற்றியமைக்கத் தொடங்கி, மெசா பூகி நிறுவனத்தை உருவாக்கினார். பவர் வால்வுக்கு முன்னாலேயே பெருக்கும் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கடைசியில் மாஸ்டர் வால்யூம் வைக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஒலி உடையும் இடம் பவர் பகுதியிலிருந்து அதற்கு முந்திய பெருக்கும் பகுதியான ப்ரீஆம்புக்கு இடம்பெயர்ந்தது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே டிஸ்டார்ஷனைக் கூட்ட முடிந்தது. இன்று மெட்டல் வாசிக்கும் ஆம்புகளில் 'கெயின்', 'மாஸ்டர்' என்று இரு திருகுகள் இருப்பதைப் பார்க்கிறீர்களே, அதன் தர்க்கம் இதுவே.

கேள்வி: எங்கள் குழுவின் மேடைக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப் கொண்டுபோனால் மற்ற கிட்டார் கலைஞர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது தொடக்க நிலையினருக்கு மட்டுமேயான பொருளா? ஹைப்ரிட் ஆம்ப் வாங்கினால் சரியாகுமா? (புதுச்சேரி வாசகர்)

ஏளனம் செய்பவர்கள் ரோலண்ட் ஜேசி-120 என்ற ஆம்பைக் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன். 1975இல் ஜப்பானில் அறிமுகமானது; இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. ஒரு வால்வுகூடக் கிடையாது. உள்ளே தனித்தனியாக 60 வாட் பெருக்கிகள் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. கோரஸ் என்ற எஃபெக்ட்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கர் கிட்டாரின் நேர் ஒலியையும் மற்றொன்று சுருதி மிக நுட்பமாக ஏறி இறங்கும் ஒலியையும் தரும். இரண்டும் கலப்பது சுற்றுக்குள் அல்ல, அறையின் காற்றில். அதன் முன்னால் நின்று ஒரு கார்டைப் பிரித்து மீட்டினால், ஒலி பெட்டியைவிட அகலமாக விரிவதை உணரலாம். த போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் இதைப் பயன்படுத்தினார். மெட்டாலிகா குழுவினர் தங்கள் தெளிந்த ஒலிப் பகுதிகளுக்கு இதை வைத்திருந்தார்கள். பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்த லேப் சீரிஸ் எல்5 ஆம்பும் டிரான்சிஸ்டர்தான். ஒலி உடையவே கூடாது என்பவருக்கு டிரான்சிஸ்டரின் துல்லியம் குறை அல்ல, தேவை. எடை குறைவு, பராமரிப்பு குறைவு, பெடல்களோடு நன்றாகப் பழகும். ஒரு நல்ல ஓவர்டிரைவ் பெடலை முன்னால் வைத்துவிட்டால் ஒலி பெடலிலேயே உடைந்துவிடும். ஆம்ப் அதைப் பெரிதாக்கித் தந்தால் போதும்.

ஹைப்ரிட் என்பது ப்ரீஆம்பில் வால்வும் பவர் பகுதியில் டிரான்சிஸ்டரும் கொண்டது. 1990களின் தொடக்கத்தில் மார்ஷலின் வால்வ்ஸ்டேட் வரிசை இதைப் பரவலாக்கியது. நல்லவை உண்டு. ஆனால் முகப்பில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே ஒரே ஒரு வால்வைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரவிட்டு விற்பவையும் உண்டு. ஜன்னலைப் பார்க்காமல், கிட்டாரின் வால்யூமைக் குறைத்துப் பார்க்கும் மேற்சொன்ன சோதனையைச் செய்து காதால் முடிவெடுங்கள்.

கேள்வி: 15 வாட் வால்வு ஆம்ப், 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பைவிடச் சத்தமாகக் கேட்குமா? எத்தனை வாட் வேண்டும்? (திருநெல்வேலி வாசகர்)

100 வாட்டைத் தாண்டாது. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சத்தமாக இருக்கும். காது வாட்டைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. திறன் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு திறன் தேவை. அதாவது 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்பைவிடச் சுமார் இருமடங்கு சத்தமே. ஒரே ஆம்பில் 97 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். மேலும் வால்வு ஆம்பில் எல்லையைத் தாண்டிய ஒலியும் பயன்படும் ஒலியே. டிரான்சிஸ்டரில் அந்தப் பகுதியை ஒருவரும் விரும்ப மாட்டார்கள். வீட்டுக்கு வால்வென்றால் 1 முதல் 5 வாட், டிரம்ஸோடு வாசிக்க 15 முதல் 30 வாட் போதும். டிரான்சிஸ்டரென்றால் டிரம்ஸோடு 50 வாட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க வேண்டும். மாடலிங் ஆம்ப் நம்பத்தக்கதா? (சிங்கப்பூர் வாசகர்)

உங்கள் நிலையில் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். மாடலிங் ஆம்பில் கிட்டாரின் சிக்னல் எண்களாக மாற்றப்பட்டு, ஒரு வால்வு ஆம்பின் ஒவ்வொரு பகுதியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணித்துச் சொல்லும் மென்பொருள் வழியே சென்று மறுபடியும் ஒலியாகிறது. ஒலி உடைவது கணக்கில். அதனால் எவ்வளவு மெதுவாக வைத்தாலும் ஒரே மாதிரி உடையும். லைன் 6 நிறுவனம் 1996இல் ஏக்ஸிஸ் 212 ஆம்பையும் 1998இல் சிறுநீரக வடிவிலான 'பாட்' கருவியையும் கொண்டுவந்தபோது இந்த வகை வீடுகளுக்குள் நுழைந்தது. ஜெர்மனியின் கெம்பர் 2011இல் இன்னொரு வழியைக் காட்டியது: உண்மையான ஆம்பொன்றுக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி, அது எப்படி எதிரொலிக்கிறது என்பதைக் கேட்டு, அந்தக் குணத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும் முறை.

வால்வு ஆம்பின் பெருமையைச் சுமந்து நின்ற ஃபெண்டர் நிறுவனமே 2019இல் டோன் மாஸ்டர் என்ற பெயரில் ட்வின் ரிவெர்பின் டிஜிட்டல் வடிவத்தை வெளியிட்டது. வால்வு ட்வின் ஏறத்தாழ 29 கிலோ. இது 15 கிலோ. வால்வு ஆம்பின் 85 வாட்டுக்கு ஈடாக ஒலிக்க இதில் 200 வாட் பெருக்கி வைத்திருக்கிறார்கள். திடீரென வரும் உச்சங்களில் டிரான்சிஸ்டர் பகுதி தன் எல்லையைத் தொட்டுவிடாமல் இருப்பதற்காகவே அந்த இடைவெளி. இது மட்டுமே போதும், 'டிஜிட்டலில் உயிர் இல்லை' என்ற பழைய குற்றச்சாட்டை எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காட்ட.

வீட்டுக்கு பாஸ் (Boss) கட்டானா, ஃபெண்டர் மஸ்டாங், யமஹா டிஎச்ஆர் போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். 50 வாட் கட்டானாவில் திறனை 0.5 வாட்டுக்குக் குறைக்கும் வசதி இருப்பதை அடுக்குமாடியில் வசிப்பவர்கள் மிகவும் மதிப்பார்கள். ஹெட்ஃபோனில் கேட்கும்போது காகிதக் கூம்பின் வேலையை யாராவது செய்ய வேண்டும் அல்லவா? அதை இந்த ஆம்புகளில் கேபினட் சிமுலேஷன் என்ற பகுதி செய்கிறது. தனி மாடலிங் கருவியை வேறொரு கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரோடு இணைத்தால் மட்டும் அந்தப் பகுதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் இரண்டு பெட்டிகளின் வடிகட்டல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒலி சேற்றில் அமிழும். என் ஒரே வருத்தம், நூறு ஆம்புகளும் நூறு எஃபெக்ட்டுகளும் கைக்குள் இருப்பதால் மாணவர்கள் திருகுகளிலேயே மாலைகளைக் கழித்துவிடுவது. மூன்று ஒலிகளை அமைத்துச் சேமித்துக்கொண்டு, வாசிப்பில் இறங்குங்கள்.

கேள்வி: நண்பர் தலைப்பகுதி தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டி தனியாகவும் உள்ள வால்வு ஆம்பைத் தர முன்வந்திருக்கிறார். காம்போவைவிட இது மேலானதா? ஸ்பீக்கர் இல்லாமல் ஹெட் மட்டும் இயக்கலாமா? (ஈரோடு வாசகர்)

காம்போ என்பது பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. ஹெட் (பெருக்கி) தனி, கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) தனி என்பது சுமப்பதற்கும் பெட்டியை மாற்றிப் பார்ப்பதற்கும் வசதி. ஒலித் தரத்தில் மேல், கீழ் என்று எதுவும் இல்லை. 1965இல் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியை மார்ஷலிடம் கேட்டு வாங்கி, அதைத் தூக்க முடியாமல் இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில்தான் மேடைகளில் காணும் 'ஸ்டாக்' பிறந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இயக்கவே கூடாது. வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தன் ஆற்றலை ஸ்பீக்கரில் செலவழித்தாக வேண்டும். ஸ்பீக்கர் இல்லாதபோது சுருளில் மின்னழுத்தம் எகிறி, டிரான்ஸ்ஃபார்மரோ வால்வின் அடிப்பகுதியோ தீய்ந்துபோகலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் ஹெட்டின் பின்னால் தேர்ந்தெடுத்த 4, 8 அல்லது 16 ஓம் அளவும் பொருந்த வேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போனால் சூடாகிக் கெடும். ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே உள்ள கம்பி மெல்லியது. அதற்கென்று உள்ள தடித்த ஸ்பீக்கர் கேபிளையே வாங்குங்கள்.

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் போதுமா? பாஸ் வாசிக்கும் தம்பியும் அதிலேயே இணைக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

உங்களுக்கு அது பொருந்தாது. அக்கூஸ்டிக் கிட்டாரின் அழகு மரத்தின் ஒலியிலும் தந்தியின் உச்ச மினுக்கிலும் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கர் அதைத்தான் முதலில் வெட்டும். அக்கூஸ்டிக் ஆம்பில் ட்வீட்டர் இருக்கும், மைக்கும் இணைக்கலாம், ஊளைச் சத்தத்தை அடக்கத் தனித் திருகும் இருக்கும். தேவாலயத்தில் ஏற்கெனவே மிக்ஸரும் ஸ்பீக்கர்களும் இருந்தால், கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்குப் பொருத்தமாக மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம், ஆம்பே தேவையில்லை.

தம்பி விஷயத்தில் கவனம் வேண்டும். கிட்டாரின் கனத்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பாஸின் கனத்த தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைத் தர ஸ்பீக்கர் கூம்பு வெகுதூரம் முன்பின்னாக நகர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரில் மெதுவாகப் பயிற்சி செய்யலாம், சத்தத்தை ஏற்றினால் கூம்பு கெடும். கிட்டாரை பாஸ் ஆம்பில் இணைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அங்கே பயன்படுத்திய வால்வு ஆம்பை எனக்குக் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே இணைக்கலாமா? (திருச்சி வாசகர்)

இணைத்த கணத்திலேயே கெட்டுப்போகும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முதலில் ஆம்பின் பின்புறத்தில் மின்னழுத்தத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையெனில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் அளவைத் தீர்மானிக்கும்போது ஆம்பின் ஒலித்திறனைப் பார்க்காதீர்கள். 20 வாட் ஒலி தரும் வால்வு ஆம்ப், வால்வுகளைச் சூடாக்கவும் சேர்த்து அதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் மின்நுகர்வு அளவைப் பார்த்து, அதைவிட ஒன்றரை மடங்காவது கூடுதலான டிரான்ஸ்ஃபார்மரை வாங்குங்கள். 50 ஹெர்ட்ஸில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்.

இதைவிட முக்கியமானது எர்த். சந்தையில் கிடைக்கும் பல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் அடாப்டர்களிலும் எர்த் முனை எங்கும் இணைக்கப்பட்டிருப்பதில்லை. கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பில் இருக்கின்றன. வாசிப்பவர் அந்தத் தந்திகளைத் தொட்டுக்கொண்டேதான் மைக்கில் வாய் வைக்கிறார். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். அண்ணன் வருவதற்குள், மூன்று முனைகளும் முறையாக இணைந்த டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வையுங்கள். வீட்டில் அதைச் செருகப்போகும் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிட்டு, அதன் பிறகு ஆம்பை ஆன் செய்யுங்கள்.